பிளாக்கை வாங்கிட்டு வாங்க

"இட்லி நெஞ்சுல நிக்குதுடா" என்று அப்பா சொல்ல ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாய்வு என்று அவரே முடிவுகட்டி சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். சோற்றை ரசத்தில் கரைத்து விழுங்கத் தொடங்கிய பிறகுதான் தஞ்சாவூருக்கு இழுத்துப்போய் எண்டோஸ்கோபி எடுத்தோம். உணவுக்குழாயின் கீழ்ப்பக்கம் ஒரு கட்டி. பயாப்சியில் 'பூர்லி டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா', அதாவது செல்கள் உருமாறிப்போன ஒரு வகைப் புற்று, என்று வந்தது. கீமோவுக்குத் தேதியும் குறித்தாயிற்று.

எதற்கும் இன்னொருவரிடம் கேட்போமே என்று சென்னைக்குப் போனோம். அந்த டாக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு எண்டோஸ்கோபி படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். கட்டியைச் சுற்றி, ரோஸ் நிறச் சவ்வில், பேனா மை தெளித்த மாதிரி கறுப்புத் திட்டுகள். அந்தப் படம் ஒரு மாதமாக என் பையில்தான் இருந்தது. நிழல் என்று நினைத்திருந்தேன்.

"பிளாக்கை வாங்கிட்டு வாங்க" என்றார்.

பயாப்சித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். அதிலிருந்து மறுபடி சீவிப் புதுச் சோதனைகள் செய்யலாம். அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பழைய லேபில் கடிதம், கையெழுத்து, ஆதார் நகல், 'நாளைக்கு வாங்க' என்று இரண்டு நாள் அலைச்சல். சித்திரை வெயிலில் மெழுகு உருகிவிடுமோ என்று பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்திருந்தேன். பாரஃபின் உருக 60 டிகிரி வாக்கில் சூடு வேண்டுமாம். வீண் பயம்.

எந்த வகைச் செல் என்று அதிலுள்ள புரதங்களை வைத்துக் கண்டுபிடிக்கும் இம்யூனோ சோதனையில், நிறமி செல்களைக் காட்டிக்கொடுக்கும் எஸ்-100, எச்எம்பி-45, மெலன்-ஏ மூன்றும் பாசிட்டிவ். கார்சினோமாவில் வழக்கமாகத் தெரியும் சைட்டோகெரட்டின் நெகட்டிவ். அப்படியானால் மெலனோமா, நிறமி செல்களில் தொடங்கும் புற்று, பெரும்பாலும் தோலில் வருவது. உணவுக்குழாய்ப் புற்றுகளில் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் இப்படி இருக்குமாம்.

"வெயிலே படாத இடத்துல எப்படிடா?" என்றார் அப்பா. நிறமி செல்கள் சிலருக்கு உணவுக்குழாய்ச் சவ்விலும் இருக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.

ஆனால் அங்கேயே பிறந்ததா, தோலிலிருந்து பரவியதா? அதற்காக உள்ளங்கால், நக இடுக்கு, தலைமயிர் வகிடு, கண், ஆசனவாய் வரை பார்த்தார்கள். அப்பா கூச்சத்தில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். "எப்பவாவது மச்சத்துக்குச் சுண்ணாம்பு வெச்சு எடுத்தீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை. உடம்பில் புற்று இருக்கும் இடங்களை ஒளிரச் செய்து காட்டும் பெட்-சிடி ஸ்கேனில் உணவுக்குழாயைத் தவிர வேறெங்கும் ஒளிரவில்லை. கட்டிக்குப் பக்கத்துச் சவ்வின் அடியடுக்கிலும் அதே செல்கள் இருந்தது முக்கியமான தடயம், அங்கேயே தொடங்கியதுதான் என்றார்கள்.

குறித்த கீமோ ரத்தானது. ஆபரேஷன் பேச்சு தொடங்கியது. கூடவே பிராஃப், கிட் என்று இரண்டு மரபணுச் சோதனைகள் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் பிளாக் வேண்டும். நல்லவேளை, திருப்பிக் கொடுக்கவில்லை. ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில்தான் இருந்தது.