இசைத்தட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு: எட்டாம் மாதக் குறிப்புகள்

சென்ற மழைக்காலம் முடிந்து அலமாரியைத் திறந்தபோது, 412 சிடிக்களில் ஏழினை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரிந்தன. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஜன்னல் கம்பியைத் தின்னும் காசிமேட்டு உப்புக்காற்று, மேற்பூச்சில் சிறு விரிசல் கிடைத்தால் சிடிக்குள் இருக்கும் அலுமினியப் படலத்தையும் விட்டுவைப்பதில்லை. கடைகளில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கிய 37 சிடிக்களின் நிலை இன்னும் மோசம். அவற்றில் பாட்டு பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில் என்பதால், அது வெளுத்தால் பாட்டும் போய்விடும். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, வீட்டுக்குள்ளேயே எந்த அறையிலும் கேட்கும்படி செய்வது என்று அன்று முடிவு செய்தேன்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி ஒன்று, அதில் 2 டிபி ஹார்ட் டிஸ்க், லிரியன் மியூசிக் சர்வர் என்னும் இலவச மென்பொருள்; கூடத்தில் இன்னொரு பழைய ராஸ்பெர்ரி பை, டிஜிட்டல் கோப்பை ஆம்ப்ளிஃபயருக்கான ஒலி அலையாக மாற்றும், ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு டிஏசி, ஏற்கெனவே இருந்த ஆம்ப்ளிஃபயர். சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த சுவர்களை வைஃபை தாண்டாததால் ஈதர்நெட் கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. மின்தடையின்போது இருமுறை கூடத்து ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டு கெட்டது. அதன்பின் முழுவதும் ராமிலேயே இயங்கும் பைகோர்பிளேயர் என்ற மென்பொருளுக்கு மாறினேன். அந்தத் தொல்லை அத்துடன் நின்றது.

சிடிக்களை எடுப்பது எளிது, ஆனால் சலிப்பூட்டும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்னும் மென்பொருள் ஒவ்வொரு பகுதியையும் மீண்டும் படித்து ஒப்பிட்ட பிறகே அடுத்ததற்கு நகர்கிறது. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் அது ஏறத்தாழ பாதியாகிறது. 380 சிடிக்கள் முடிந்துவிட்டன. மீதியுள்ளவற்றில் சில, டிரைவ் மணிக்கணக்கில் முயன்றும் படிக்க முடியாதவை.

எல்பி ரெக்கார்டுகளின் கதை வேறு. அவை என் நைனாவினுடையவை. திருமண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் கட்டும் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர் அவர். மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்பு அங்கே வாங்கிய தட்டுகள்தான் பெரும்பாலானவை. சில உறைகளின் மூலையில் பென்சிலில் எழுதிய விலை இன்னும் அழியவில்லை. 163 எல்பிகளில் பூஞ்சை பிடிக்காதது ஒன்றுகூட இல்லை. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரில் சிறிது ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து, பள்ளங்களின் போக்கிலேயே மெல்லிய தூரிகையால் தேய்த்து, நிழலில் உலர்த்துகிறேன். இந்தக் கலவை, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய 78 வேகத் தட்டுகளின் மீது ஒரு சொட்டும் படக் கூடாது, ஏனெனில் அவை அரக்கால் ஆனவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

முதல் பதிவுகளில் பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் கேட்டது. ஒரு வாரம் டர்ன்டேபிளின் மோட்டாரைத்தான் சந்தேகித்தேன். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரி எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் கணினித் திரையில் அலை தடிப்பதைப் பார்த்த பிறகே காரணம் விளங்கியது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிப்பார்கள். கேட்கும்போது, ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப் அதைத் தலைகீழாக்கி, 20 ஹெர்ட்ஸ் அருகில் உள்ளதை ஏறத்தாழ 20 டெசிபெல் உயர்த்திவிடும். ஆகவே பாட்டின் பாஸோடு சேர்ந்து லாரியும் தூக்கப்பட்டது. இரண்டங்குலத் தடிமனுள்ள கடப்பா கல்லை ரப்பர் துண்டுகளின் மீது வைத்து, அதன்மேல் டர்ன்டேபிளை அமர்த்தினேன். மிச்சமிருந்ததை ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளில் 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். இப்போது போக்குவரத்து குறைந்த ஞாயிறு விடியற்காலையில் மட்டும் பதிவு செய்கிறேன். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஓர் எல்பி 900 எம்பி அளவுக்கு வருகிறது. இதுவரை 58 முடிந்திருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு, உண்மையில் என் நேரத்தைத் தின்றது ஒலியன்று, பெயர். இந்த மென்பொருள்கள் கலைஞர், ஆல்பம், பாடல் என்ற மூன்றடுக்கில் சிந்திக்கின்றன. ஒரு குழு, அதன் ஆல்பம் என்ற வழக்கத்துக்கு அது பொருந்தும். நம் திரைப்படத் தட்டு ஒன்றில் ஆறு பாட்டுக்கு ஏழு பாடகர்கள் இருப்பார்கள். பாடகரைக் கலைஞர் என்று குறித்தால் ஒரே படம் ஏழு துண்டாகச் சிதறிவிடும். படத்தின் பெயரை ஆல்பமாகவும், இசையமைப்பாளரை ஆல்பத்தின் கலைஞராகவும், பாடகர்களைப் பாட்டுக்குப் பாட்டு தனியாகவும் குறிப்பதென்று தீர்மானித்தேன். அதிலும் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இணைந்து இசையமைத்தவை ஒருபுறம், 1965இல் அவர்கள் பிரிந்த பின் எம்.எஸ். விஸ்வநாதன் தனியே அமைத்தவை மறுபுறம். இரண்டையும் ஒரே பெயரில் தேடினால் கிடைக்கும்படி செய்ய ஒரு மாலை முழுதும் ஆயிற்று.

பெயர்களைத் தமிழில் எழுதியது அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. டி.எம். சௌந்தரராஜன் என்று தேடினால் பாதிப் பாட்டுகள் மட்டும் வந்தன. இணையத்திலிருந்து எடுத்த பெயர்களில் 'சௌ' என்ற எழுத்து, ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் பின்னால் ஒரு 'ள'கரமுமாகத் தட்டப்பட்டிருந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பி.பி. ஸ்ரீநிவாஸின் 'ஸ்ரீ'யும் அப்படியே, யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. கொம்பும் காலும் சேர்ந்த 'கொ' போன்ற எழுத்துகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இதை மட்டும் யூனிகோடின் பொது நெறிப்படுத்தல் தானே சரிசெய்துவிடும். மற்ற இரண்டுக்கும் சிறு பைத்தான் நிரல் ஒன்றை எழுதி 5,000க்கும் மேற்பட்ட கோப்புகளின் மீது ஓட்டினேன். தமிழில் பெயர் குறிக்க நினைப்பவர்கள் இந்த வேலையை முதல் நாளே செய்துவிடுவது நல்லது. நான் ஐந்தாம் மாதத்தில் செய்தேன்.

எல்லாம் ஒழுங்காயிற்று என்று எண்ணி, கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்தேன். ஐந்து நிமிடம் திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "உங்க நைனா ரெக்கார்டெல்லாம் இதுக்குள்ளதான போட்ட? எம்.ஜி.ஆர் பாட்டு எங்க இருக்குது?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கட்டம் அந்த மென்பொருளில் இல்லை. பாடகர் பெயரைக் கொண்டும் பிரிக்க இயலாது, சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். நடிகரின் பெயரால் பாட்டைத் தேடும் வழக்கம் இதை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றியிருக்கவே முடியாது, ஆனால் இந்தப் பகுதியில் வேறு விதமாக யாரும் பாட்டுக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அப்போதுதான் நைனாவின் கணக்கு நோட்டை எடுத்தேன். தட்டுகளை அவர் எண்ணிட்டு, ஆறு தலைப்புகளில் எழுதி வைத்திருந்தார்: எம்.ஜி.ஆர், சிவாஜி, ஜெமினி, பக்தி, ஹனிபா, வசனம். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் தட்டை எடுத்துப் போட வேண்டியவரின் வகைப்பாடு அது. அதில் இசையமைப்பாளருக்கு இடமே இல்லை.

இசைவகை என்ற கட்டத்தில் ராக், ஜாஸ், கிளாசிக்கல் என்று நிரப்புவார்கள். நான் அதில் அந்த ஆறு தலைப்புகளையும் ஏற்றினேன். ஆகவே எங்கள் வீட்டு சர்வரைப் பொறுத்தவரை எம்.ஜி.ஆர் என்பது ஓர் இசைவகை. சிடிக்களுக்காக அம்மா சொல்லி மேலும் நான்கு தலைப்புகள் சேர்ந்தன. அவர் இப்போது முதல் திரையிலேயே வேண்டியதைத் தொட்டுவிடுகிறார். நாகூர் ஈ.எம். ஹனிபா தனித் தலைப்பாகவே நிற்கிறார். பக்திக்குள் ஏன் சேர்க்கவில்லை என்று நைனாவிடம் கேட்க இனி வழியில்லை, நோட்டில் இருந்தபடியே விட்டுவிட்டேன்.

வசனத் தட்டுகள் இன்னும் முடிவாகவில்லை. படத்தின் கதை வசனம் தட்டின் இரு பக்கமும் தொடர்ந்து ஓடுவதால், பக்கம் திருப்பும் இடத்தில் ஒரு நொடி அமைதியை விட்டு ஒரே கோப்பாக ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 78 வேகத் தட்டுகள் பன்னிரண்டும் காத்திருக்கின்றன. அவற்றின் பள்ளம் அகலம் என்பதால் எல்பி ஊசி அடியில் புரண்டு இரைச்சலை மட்டுமே எடுக்கும். அதற்கான பருத்த ஊசியைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எஞ்சிய 105 எல்பிகளில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றைக் கழுவி, சமையலறைப் பாத்திரக் கூடையில் நிமிர்த்தி உலர வைத்திருக்கிறேன்.