எச்சங்களைப் பார்க்காமல் முடுக்கத்தை எழுதிவிடாதீர்கள்

செய்முறைத் தேர்வுக்கான பயிற்சியில், விழும் இரும்புக் குண்டு ஒன்றை வினாடிக்கு 30 ஃப்ரேம் வீதம் வீடியோ எடுத்து, 20 ஃப்ரேம்களில் அதன் இருப்பிடத்தைக் குறித்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டேன். முதலில் அடுத்தடுத்த அளவீடுகளின் வேறுபாட்டை இருமுறை எடுத்துப் பார்த்தேன். விடைகள் தாறுமாறாக இருந்தன. ஒவ்வோர் அளவீட்டிலும் 1 மில்லிமீட்டர் அளவுக்குத் தற்செயல் பிழை இருந்தாலே, இவ்வழியில் கிடைக்கும் ஒவ்வொரு முடுக்கத்திலும் ஏறத்தாழ 2.2 மீ/வி² பிழை சேர்ந்துவிடும். அதே 20 புள்ளிகளுக்கும் சேர்த்து மீச்சிறு வர்க்க முறையில் (அளவிட்ட மதிப்புக்கும் வளைவரைக்கும் உள்ள வேறுபாடுகளின் வர்க்கக் கூட்டுத்தொகையை மிகச் சிறிதாக்கும் முறை) இருபடி வளைவரையைப் பொருத்தினால் அந்தப் பிழை 0.014 மீ/வி² அளவுக்குச் சுருங்குகிறது.

ஆனால் நான் பொருத்திய சமன்பாடே தவறு. குண்டு ஓய்விலிருந்து விழுந்ததால் தொடக்கத் திசைவேகம் சுழி என்று எண்ணி, தொலைவை நேரத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைந்து, கோட்டை ஆதிப்புள்ளி வழியே செலுத்தினேன். பொருத்தம் எவ்வளவு நெருக்கமானது என்பதைக் காட்டும் ஆர்-வர்க்க மதிப்பு (முழுப் பொருத்தத்துக்கு 1) 0.999 வந்தது; முடுக்கமோ 9.8க்குப் பதிலாக 10.4 மீ/வி². அளவிட்ட மதிப்பிலிருந்து பொருத்திய மதிப்பைக் கழித்து எச்சங்களை வரைந்தபோதுதான் காரணம் புலப்பட்டது: அவை சிதறிக் கிடக்காமல், நடுவில் 2 செ.மீ. மேலேறி, முடிவில் கீழிறங்கி, வில்போல வளைந்திருந்தன. குண்டை விட்ட கணத்துக்கும் நான் முதலாவதாக எடுத்துக்கொண்ட ஃப்ரேமுக்கும் இடையே அரை ஃப்ரேம் நேரம் கடந்திருந்தாலே குண்டு வினாடிக்கு 16 செ.மீ. வேகத்தைப் பெற்றிருக்கும், அந்த வேகம் முழுவதையும் என் சமன்பாடு முடுக்கத்தின் கணக்கில் ஏற்றிவிட்டது.

ஆகவே தொடக்க இருப்பிடம், தொடக்கத் திசைவேகம், முடுக்கம் ஆகிய மூன்றையும் தெரியாத மாறிலிகளாக விட்டுவிடுங்கள். நேர வர்க்கத்தின் கெழு முடுக்கத்தில் பாதிதான் என்பதை மறவாதீர்கள். அவசரத்தில் பலர் இரட்டிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எச்சங்களிலிருந்து திட்டப் பிழையைக் காணும்போது, எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை 20ஆல் அல்ல, மூன்று மாறிலிகளைக் கழித்து 17ஆல் வகுக்க வேண்டும்.

எச்சங்களாலும் காட்டிக்கொடுக்க முடியாத பிழை ஒன்று உண்டு. நீளத்தைக் குறிக்கும் அளவுகோல், குண்டு விழும் அதே செங்குத்துத் தளத்தில் இல்லாமல் பின்சுவரில் இருந்தால், எல்லாத் தொலைவுகளும் ஒரே விகிதத்தில் மாறும். வளைவரை அழகாகவே பொருந்தும், ஆனால் 1 விழுக்காட்டு அளவுப் பிழை முடுக்கத்தில் 0.1 மீ/வி² பிழையாக நிற்கும். பொருத்துதலிலிருந்து கிடைத்த 0.014ஐ விட இது ஏழு மடங்கு பெரிது என்பதால், கேமராவை இயக்குவதற்கு முன்பே அளவுகோலின் இடத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.