பக்திப் பாடலால் இயங்கிய கணினி

"தம்பி, பாட்டு உள்ள பென்டிரைவைச் செருகினா கம்பியூட்டர் ஓடுது, எடுத்தா ஓட மாட்டேங்குது. நீங்களே வந்து பாருங்க" என்று கிராணி ஐயா தொலைபேசியில் சொன்னபோது, கணினி பழுது பார்த்தே பிழைக்கும் எனக்கு அந்த வாக்கியத்தை எந்த வகைப் பழுதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர் அவர். இப்போது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்களுக்கு நடக்கும் மாலை வகுப்பின் செயலாளராக இருக்கிறார். எதையும் மிகைப்படுத்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த வகுப்புக்கு ஓர் அலுவலகத்திலிருந்து ஐந்து பழைய கணினிகள் அன்பளிப்பாக வந்திருந்தன. விடுமுறைக்கு வந்திருந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன், ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து மொழி எது, நேர மண்டலம் எது என்று பதில் சொல்லிக்கொண்டிருக்க விரும்பாமல், எல்லாக் கேள்விகளுக்கும் பதிலை முன்கூட்டியே எழுதிவைக்கும் பிரிசீட் என்னும் கோப்பைத் தயாரித்து, ஃபேட்32 முறையில் அமைத்த பென்டிரைவில் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தின் நிறுவியோடு சேர்த்துப் போட்டுத் தானியங்கியாகவே நிறுவியிருக்கிறான். பிறகு, "எந்த பென்டிரைவையும் கழற்றாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் படிப்புக்குத் திரும்பிவிட்டான்.

நான் போனபோது நான்கு கணினிகளில் நான்கு நிறத்தில் பென்டிரைவ்கள் செருகப்பட்டு, ஒவ்வொன்றும் தன் கணினியோடு நூலால் கட்டப்பட்டிருந்தன. நூல் கட்டியதற்குக் காரணம் இருந்தது. முன்பு அவை இரவில் ஒரு மைலோ டின்னில் பூட்டி வைக்கப்பட்டனவாம். ஒரு நாள் நிறம் மாறிச் செருகியதும் நான்கும் இயங்க மறுத்து, 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் 'கிரப் ரெஸ்கியூ' என்ற வரியோடு நின்றுவிட்டனவாம். ஐந்தாவது கணினி மட்டும் எந்த பென்டிரைவும் இல்லாமலே நன்றாக இயங்கியது. அதைத்தான் எல்லோரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

ஐயா சிவப்பு நிற பென்டிரைவைத் தம் மடிக்கணினியில் திறந்து காட்டினார். கோயில் ஒலிபெருக்கிக்கு வேண்டும் என்று, அதிலிருந்த பெயர் புரியாத கோப்புகளையெல்லாம் அவரே அழித்துவிட்டு முருகன் பாடல்களை நிரப்பியிருந்தார். பாடல்களைத் தவிர ஒரு கோப்பும் கிடையாது. திரும்பச் செருகியதும் கணினி உயிர் பெற்றது. எடுத்ததும் கறுப்புத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. பொருளாளரின் மனைவி இதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்த்த பிறகு அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பென்டிரைவும் கணினிக்கு ஒரு வட்டுதான். கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷன், அதாவது வட்டில் பிரித்தெடுத்த பகுதி, அந்த வட்டின் முதல் அங்குலத்திலிருந்து தொடங்குவதில்லை. வட்டின் முதல் செக்டர், அதாவது முதல் சிறு சேமிப்புத் துண்டு, 512 பைட் கொண்டது. அதில் 446 பைட் துவக்க நிரலுக்கும் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கும் கடைசி இரண்டு அடையாளத்துக்கும் போய்விடுகின்றன. 1983-இல் பி.சி. டாஸ் 2.0 காலத்தில் வந்த ஏற்பாடு இது; பயாஸ் என்னும் பழைய முறையில் துவங்கும் கணினிகள் இன்றும் இதைத்தான் நம்பியிருக்கின்றன. முதல் பார்ட்டிஷன் இக்காலத்தில் பெரும்பாலும் 2048-ஆவது செக்டரில், அதாவது ஒரு மெபிபைட் தள்ளித்தான் தொடங்கும். இடையிலுள்ள காலி இடத்தில், லினக்ஸை எழுப்பிவிடும் நிரலான கிரப் பூட்லோடர் தன் மையப் பகுதியை வைத்துக்கொள்கிறது. கோப்பு உலாவியில் அந்த இடம் தெரியாது; கோப்புகளை அழித்தாலும் பாடல்களை நிரப்பினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. முதல் செக்டரை எடுத்துப் படித்துப் பார்த்தேன். புரியாத குறியீடுகளுக்கு நடுவே 'கிரப்', 'ஜியோம்', 'ஹார்ட் டிஸ்க்', 'ரீட்', 'எரர்' என்ற சொற்கள் வரிசையாக இருந்தன. முருகன் அருளுக்கு ஆங்கில எழுத்தில் ஆதாரம் கிடைத்துவிட்டது. அதே கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் முதல் செக்டரைப் படித்தபோது இந்தச் சொற்களில் ஒன்றுகூட இல்லை.

லினக்ஸ் முழுவதும் ஹார்ட் டிஸ்க்கில் ஒழுங்காகவே நிறுவப்பட்டிருந்தது. அதை எழுப்பிவிட வேண்டிய பூட்லோடர் மட்டும் பென்டிரைவில் போய் உட்கார்ந்துகொண்டது. உட்காரும்போது தான் எழுப்ப வேண்டிய வட்டின் தனி அடையாள எண்ணையும் குறித்துக்கொண்டதால், வேறு கணினியில் செருகினால் அந்த எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு, 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று கைவிரித்துவிட்டது. ஒரு கணினிக்கு ஒரு பென்டிரைவ் என்று ஆனதற்கும் இதுவே காரணம். முதல் பயாஸ் கணினியில் நிறுவி முடித்தவுடன் பென்டிரைவின் முதல் செக்டர் மாற்றி எழுதப்பட்டுவிட, அடுத்த கணினியில் டெபியன் நிறுவி துவங்கவே இல்லை. பையனோ பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெற்றோரிடம் புதிதாக ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறான். ஐந்தாவது கணினி, பயாஸுக்குப் பின் வந்த யூ.ஈ.எஃப்.ஐ. வகையைச் சேர்ந்தது. அங்கே பூட்லோடர் முதல் செக்டரைத் தேடிப் போகாமல், ஹார்ட் டிஸ்க்கில் தனக்கென்று பிரிக்கப்பட்ட ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனுக்குள் கோப்பாகச் சென்றுவிடும். அதனால் அது தப்பித்தது.

பையன் எழுதிய பிரிசீட் கோப்பைத் திறந்து பார்த்தேன். பையன் கெட்டிக்காரன்தான். முதலில் எஸ்.டி.ஏ. என்னும் வட்டைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறான்; அது பென்டிரைவாக இருந்ததால் வேலை நின்றுபோயிருக்கிறது. உடனே, யூ.எஸ்.பி. வழியாக வந்த வட்டுகளை ஒதுக்கிவிட்டு மீதியிருப்பதைப் பிரிக்கும்படி ஒரு சிறு கட்டளைத் தொடரை எழுதியிருக்கிறான். ஆனால் பூட்லோடரை எங்கே போட வேண்டும் என்ற வரியில் எஸ்.டி.ஏ. அப்படியே இருந்துவிட்டது. பார்ட்டிஷனைப் பற்றிக் கேட்பது ஒரு பகுதி, பூட்லோடரைப் பற்றிக் கேட்பது இன்னொரு பகுதி. ஒன்றுக்குச் சொன்ன பதில் மற்றொன்றுக்குப் போய்ச் சேராது. பென்டிரைவ்கள் குறுக்கே வரக்கூடும் என்பதால் முதன்மை வட்டைத் தன்னால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது என்று டெபியனின் மாதிரிக் கோப்பிலேயே அந்த வரிக்கு மேல் குறிப்பு எழுதியிருக்கிறது. அவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை.

"எஸ்.டி.ஏ. என்பது ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இல்லையா?" என்று ஐயா கேட்டார்.

"இல்லைங்க ஐயா. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் யார் முதலில் வந்து நிற்கிறாரோ அவருக்கு முதல் எண் கொடுப்பதுபோலத்தான். நாளைக்கு வேறு ஆள் முந்திக்கொள்ளலாம்."

"பெரட்டில் பேரைக் கூப்பிட்டுத்தான் குறிப்போம் தம்பி. வரிசையைப் பார்த்துச் சம்பளம் போட்டால் சங்கத்துக்காரன் விடுவானா?" என்றார். உற்பத்தியாளர் பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த நிலையான பெயர் ஒவ்வொரு வட்டுக்கும் உண்டு என்றும், அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு என்றும் சொன்னபோது, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்பதுபோல் பார்த்தார்.

சரிசெய்வதற்கு அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு கணினியையும் அதனதன் பென்டிரைவாலேயே எழுப்பி, எது யூ.எஸ்.பி., எது ஹார்ட் டிஸ்க் இணைந்திருக்கும் சாட்டா என்று பட்டியலில் பார்த்துக்கொண்டு, கிரப்பை ஹார்ட் டிஸ்க்கில் நிறுவினேன். அத்தோடு விட்டால், பின்னொரு நாள் கிரப் புதுப்பிப்பு வரும்போது கணினி பழைய நினைவில் பென்டிரைவைத் தேடும் என்பதால், கிரப் பொதியின் அமைப்பையும் மறுபடி ஓட்டி ஹார்ட் டிஸ்க்கையே குறிக்கச் செய்தேன். பையனின் கட்டளைத் தொடரில், கண்டுபிடித்த வட்டைப் பூட்லோடர் கேள்விக்கும் பதிலாக வைக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்து அவனுக்கு அனுப்பினேன். 'அட, ஆமாண்ணே' என்று உடனே பதில் வந்தது.

நூலை அவிழ்த்து நான்கு பென்டிரைவ்களையும் உரியவர்களிடம் கொடுத்துவிடலாம் என்றேன். ஐயா இருப்புப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினார். அழகான கையெழுத்தில் 'கணினிச் சாவி, நான்கு' என்று எழுதி, தலைவர், பொருளாளர் இருவரின் கையொப்பமும் வாங்கியிருந்தார். பதிவேட்டில் ஏறிய பொருளைச் செயலவைத் தீர்மானம் இல்லாமல் வெளியே கொடுக்க முடியாதாம். அடுத்த கூட்டத்தில், சாவி இல்லாமல் கணினி ஓடும் என்பதற்கு நான் எழுத்து மூலமான விளக்கம் ஒன்று தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு பிரதிகள் வேண்டுமாம்.