மூக்கில் குச்சி விடாதீர்கள்

2021 மே மாதம். அம்மாவுக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை அகற்றி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. மூக்கு வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு, மூளைக்கு அடியில் உள்ள மெல்லிய எலும்பைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். பிறகு தொடைக் கொழுப்பையும் மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வையும் வைத்து அந்த வாசலை அடைத்தார்கள். முகத்தில் ஒரு தையல்கூட இல்லை. பார்ப்பவர்களுக்கு அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்றே தெரியாது.

வீட்டுக்கு அனுப்பும்போதே எச்சரித்திருந்தார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டினாலோ தொண்டையில் உப்புக் கரித்தாலோ உடனே ஓடி வர வேண்டும். அது மூளையைச் சுற்றியுள்ள மூளைநீராக இருக்கலாம். அது கசியும் வழியில் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல்.

அந்த நேரத்தில்தான் அம்மாவுக்குக் காய்ச்சல். கொரோனா பரிசோதனை மையத்தின் படிவத்தில் வயது, கைபேசி எண், ஆதார் எல்லாம் கேட்டார்கள். அறுவை சிகிச்சை பற்றி ஒரு வரி இல்லை. கவச உடையில் இருந்த ஊழியத் தம்பி சளி எடுக்கும் குச்சியைப் பிரித்துவிட்டார். அம்மா தலையை அண்ணாந்துகொண்டார். "மூக்கில் விடாதீர்கள்" என்று நான் கத்தியே விட்டேன். மூக்கில் எடுப்பதுதான் முறை என்றார் அவர். பின்னால் நீண்ட வரிசை. நான் நகரவில்லை. அம்மாவின் மருத்துவருக்குப் போன் செய்து அந்தத் தம்பியிடமே கொடுத்தேன். "தொண்டையில் மட்டும் எடுங்கள். அறிகுறி நீடித்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்" என்றார் மருத்துவர். தம்பி மறுபேச்சில்லாமல் வேறு குச்சியை எடுத்தார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தொற்று இல்லை என்று முடிவு வந்தது. காய்ச்சலும் மூன்றாம் நாள் விட்டது. என் நடுக்கம் விடவில்லை. 2020இல் அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு மூக்கில் குச்சி விட்டபின் மூளைநீர் கசிந்தது; மண்டையோட்டின் அடிப்பகுதியில் அவருக்கு ஏற்கெனவே குறை இருந்தது பிறகே தெரிந்தது. அம்மாவுக்கோ குறை இருப்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒரு நொடி தாமதித்திருந்தால்?

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வாங்கினேன்: "மூக்கு வழியாகக் குச்சியோ குழாயோ கூடாது. தொண்டைச் சளி மட்டும்." குழாய் என்பதை அவராகவே சேர்த்தார். மயக்கமாகக் கிடக்கும்போது உணவு செலுத்தும் குழாயையும் மூக்கு வழியாகத்தான் இறக்குவார்களாம். எப்போது தடை நீங்கும் என்று கேட்டேன். உள்ளே எண்டோஸ்கோப்பில் பார்த்துத் தாமே சொல்வதாகவும், அதுவரை யார் கேட்டாலும் மறுக்கும்படியும் சொன்னார்.

அந்தப் பக்கத்தின் நகல் அம்மாவின் பர்ஸில் இருக்கிறது. நாற்காலியில் உட்காரும் முன்பே எடுத்து நீட்டிவிடுகிறார்.