மௌனத்தைப் பதிவு செய்யாத படம்

கதவுக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். வெளியே அவளைத் தேடி வருபவனின் காலடி நெருங்குகிறது, நிற்கிறது. படத்தின் உயிரே அந்த 40 விநாடிதான். லண்டனில் வசன ஒலி எடிட்டராக வேலை செய்யும் நான் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். முதல் ஷாட்டில் ஜெனரேட்டர் உறுமுகிறது. அடுத்ததில் தலைக்கு மேல் விமானம். மூன்றாவதில் இரண்டும் இல்லை. ஒவ்வொரு வெட்டிலும் அந்தப் பெண் வேறொரு அறைக்குப் போய்விட்டதுபோல இருந்தது.

18 நாளில் எடுத்த சிறிய பிரிட்டிஷ் த்ரில்லர் அது. ஒரு காட்சி முடிந்ததும் எல்லாரும் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்வது வழக்கம். ரூம் டோன் என்போம். வெட்டுகளுக்கு நடுவே விழும் பள்ளங்களை அதை வைத்துத்தான் நிரப்புவோம். இந்தப் படத்தில் பாதிக் காட்சிகளுக்கு அது இல்லை. நேரமில்லையாம். சொற்களுக்கு இடையே கிடைத்த அரை விநாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினேன். ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தால் காது கண்டுபிடித்துவிடும். அந்த ஒரு காட்சிக்கே இரண்டு நாள் போனது.

கிழக்கு லண்டனில், சிட்டி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வாடகை குறைந்த ஒரு கிடங்கில் அதை எடுத்திருந்தார்கள். அங்கே சனிக்கிழமை பிற்பகலிலிருந்து ஞாயிறு நண்பகல் வரை விமானங்கள் ஓடாது. அந்தக் காட்சியை மட்டும் சனிக்கிழமை மாலைக்கு மாற்றியிருந்தால் ஒரு பவுண்டுகூடக் கூடுதலாகச் செலவாகியிருக்காது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இதுதான்.

இரவுக் கதையை ஜூன் மாதத்தில் படமாக்கியது அடுத்த தவறு. அப்போது லண்டனில் சூரியன் மறையவே இரவு 9:20 ஆகும். விடியற்காலை 4:45க்கெல்லாம் உதித்துவிடும். இருட்டு போதாமல், வெளுக்கும் வானத்தை மறைக்க எல்லாவற்றையும் நெருக்கமான முகங்களாக எடுத்துவிட்டார்கள். கதவு எந்தப் பக்கம், அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தெரியாத தூரம் எப்படிப் பயமுறுத்தும்? அப்புறம், ரோந்து வரும் இரண்டு சாதாரணக் காவலர்கள் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவுகிறார்கள். லண்டனில் அவர்களிடம் துப்பாக்கியே இருக்காது.

பணமில்லாததைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்டோபர் நோலன் தன் முதல் படமான 'ஃபாலோயிங்'கை (1998) சில ஆயிரம் பவுண்டில்தான் எடுத்தார். எல்லாரும் வேறு வேலையில் இருந்ததால் வார இறுதிகளில் மட்டும் படப்பிடிப்பு. 16 எம்எம் கேமராவை அவரே பிடித்தார். ஃபிலிம் வீணாகக் கூடாதென்று நடிகர்களை முன்கூட்டியே நன்றாக ஒத்திகை பார்க்க வைத்து, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் ஆட்களைப் பற்றிய கதை, அதற்குத் தெரிந்தவர்களின் வீடுகள் போதும். கையிலிருந்ததைப் பார்த்துத்தான் அந்தக் கதையை எழுதியிருக்கிறார். எங்கள் படத்தின் கதையோ பெரிய படத்துக்கானது. எழுதியதை மாற்ற யாருக்கும் மனமில்லை.

இயக்குநர் இளைஞர், நல்ல மனிதர். ஒலியைக் கேட்டுவிட்டு, "இசை போட்டு மறைத்துவிடலாமா?" என்றார். சரி என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த 40 விநாடியும் வயலின்களில் மூழ்கிப்போனது. காலடி நிற்பதற்கு முன்பே இசை பயத்தை அறிவித்துவிட்டது. அந்த நடிகை மூச்சை எவ்வளவு நுட்பமாக அடக்கியிருந்தார் என்பது யாருக்கும் கேட்கவில்லை.

அதன் பிறகு சிறிய படங்கள் வந்தால், படப்பிடிப்புக்கு முன்பே இடத்தைப் பார்க்க என்னையும் அழைத்துப் போகச் சொல்கிறேன். முடிந்தால் படப்பிடிப்புக்கும் ஒரு நாள் போகிறேன். சமீபத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் காட்சி. ஒலிப்பதிவாளர் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத் தன் கார் சாவியை அதற்குள் வைத்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவிக்காக அதைத் திறந்தே ஆக வேண்டும், மறுபடி போட மறக்க முடியாது. காட்சி முடிந்ததும் அவர் கையை உயர்த்தினார். நாங்கள் எல்லாரும் 30 விநாடி அசையாமல் நின்றோம்.