அஞ்சல் பெட்டியில் ஒட்டியிருந்த வரி

ஜெர்மனியின் கொலோன் நகரில் நாங்கள் குடியேறிய அடுக்ககத்தின் நுழைவாயிலில் பன்னிரண்டு அஞ்சல் பெட்டிகள் இருந்தன. அவற்றுள் எட்டில், பெயர்ச்சீட்டுக்குக் கீழே, 'பிட்டே கைனே வெர்புங்' என்று ஒரு சிறு தாள் ஒட்டப்பட்டிருந்தது. தயவுசெய்து விளம்பரம் போடாதீர்கள் என்பது அதன் பொருள். சென்னையில் பதினோரு ஆண்டுகள் மிக்சி, கிரைண்டர் விற்பனைக்காக விளம்பர வேலை பார்த்த எனக்கு, நாளிதழுக்குள் துண்டறிக்கை செருகுவதும், ஒரே நாளில் ஆயிரக்கணக்கான எண்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதும் பழகிய வேலைகள். ஆகவே அந்தத் தாளை முதலில் சிலருடைய தனிப்பட்ட சுபாவமாகவே எடுத்துக்கொண்டேன். அந்த ஒட்டுத்தாளை மதிக்க வேண்டும் என்று நாட்டின் உயர்ந்த உரிமையியல் நீதிமன்றமே 1988இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

சமையலறைக் கருவிகள் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் மார்க்கெட்டிங் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சேர்ந்த மூன்றாம் மாதம், பிராங்பர்ட்டில் பிப்ரவரியில் நடக்கும் 'அம்பியென்டே' வணிகக் கண்காட்சிக்குச் சென்று, அறுபதுக்கும் மேற்பட்ட விசிட்டிங் கார்டுகளோடு திரும்பினேன். மறுநாள் காலையிலேயே அத்தனை மின்னஞ்சல் முகவரிகளையும் எங்கள் செய்திமடல் பட்டியலில் ஏற்றத் தொடங்கியிருந்தேன். பக்கத்து மேசைப் பெண்மணி எழுந்து வந்து, ஒரு கார்டைக் கையில் எடுத்து, "இவர் இதை எதற்காக உங்களிடம் கொடுத்தார்?" என்று கேட்டார். ஜூஸ் பிழியும் கருவியின் விலையைக் கேட்டு எழுதும்படி கொடுத்தார் என்றேன். "அப்படியானால் அந்த விலையை மட்டும் அவருக்கு எழுதுங்கள்" என்றார். அன்று முழுவதும் அமர்ந்து, யார் எதைக் கேட்டார் என்பதை நினைவுபடுத்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பலர் பதில் எழுதினார்கள். செய்திமடலுக்கு இத்தனை பதில்கள் வந்ததை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை.

இதன் பின்னாலிருக்கும் சட்டத்தையும் அப்போதுதான் படித்தேன். நம் நாட்டில் தொல்லை வேண்டாம் என்பவர், தாமே 1909 என்ற எண்ணைத் தொடர்புகொண்டு தம் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும்; பதியாதவரைக் கூப்பிடலாம் என்றே நாங்கள் பழகியிருந்தோம். ஜெர்மனியில் அது தலைகீழ். முன்கூட்டியே தெளிவாகச் சம்மதிக்காத ஒருவரின் வீட்டுக்கு விற்பனைக்காகத் தொலைபேசியில் அழைத்தால் 3,00,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமுண்டு. செய்திமடலுக்குப் பெயர் கொடுத்தவருக்கும் முதலில் ஓர் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போகும். அதிலுள்ள இணைப்பை அவர் அழுத்தினால்தான் பட்டியலில் இடம். எங்கள் பட்டியல் சிறியது. ஆனால் அதிலிருக்கும் ஒவ்வொருவரும் தாமாக வந்தவர்.

தள்ளுபடி என்ற சொல்லும் இங்கே வேறு வரலாறு உடையது. ஆடி பிறந்தால் தியாகராய நகரில் ஐம்பது விழுக்காட்டுப் பலகைகளைத் தூக்கி நிறுத்தியவர்கள் நாங்கள். இங்கோ 1933இல் வந்த ஒரு சட்டம், நுகர்வோர் ரொக்கமாக வாங்கும்போது கடைக்காரர் தரும் கழிவை மூன்று விழுக்காட்டுக்குள் நிறுத்தி வைத்திருந்தது. அது நீக்கப்பட்டதே 2001இல்தான். இப்போது தள்ளுபடி தாராளமாக நடக்கிறது. ஆனாலும் 2022 மே மாதத்திலிருந்து, விலையைக் குறைத்ததாக அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய முப்பது நாள்களில் அந்தப் பொருளுக்கு இருந்த மிகக் குறைந்த விலையையும் சொல்லியாக வேண்டும். விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கிக் காட்டுவதற்கு வழியில்லை. இந்த ஒரு விதி நம் ஊருக்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

என் முதல் விளம்பர வாசகத்தில் 'தலைசிறந்த' என்று எழுதியிருந்தேன். மேலாளர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, 'யார் சோதித்தது?' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்தார். இந்த நாட்டில் அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே விடை சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. நாடாளுமன்றத் தீர்மானத்தின்படி 1964இல் நிறுவப்பட்ட 'ஸ்டிஃப்டுங் வாரென்டெஸ்ட்', பொருள்களைத் தன் அடையாளத்தைச் சொல்லாமல் கடையில் வாங்கிச் சோதித்து, விளம்பரமே ஏற்காத தன் இதழில் மதிப்பெண் வெளியிடுகிறது. இந்நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் போலவே இதிலும் எண் குறையக் குறையத்தான் மதிப்பு உயரும். 1.9 என்று கண்டதும் ஒரு கணம் என் மனம் துணுக்குற்றது, ஆனால் அதற்கு 'நன்று' என்று பெயர்.

ஒரே ஓரிடத்தில் தமிழ் எனக்குத் துணைநின்றது. வாடிக்கையாளரை மரியாதையாக 'ஸீ' என்று அழைப்பதா, நெருக்கமாக 'டூ' என்று அழைப்பதா என்பது எங்கள் பிரிவில் ஓயாத விவாதம். ஐக்கியா இங்கே எல்லாரையும் 'டூ' என்றே அழைக்கிறது. அந்த இடைவெளியை லண்டனிலிருந்து வந்த சக ஊழியருக்கு விளக்க நேரம் பிடித்தது. 'நீங்கள்', 'நீ' என்று வளர்ந்த எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அறுபது வயதுக்காரர் வாங்கும் மாவு பிசையும் கருவிக்கு 'ஸீ'தான் என்று நான் வாதாடியது ஏற்கப்பட்டது.

எங்கள் தெருமுனையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஈழத்துப் பெரியவரிடமும், கேட்டதற்கு மட்டுமே எழுதும் அந்தப் பழக்கத்தைக் கண்டேன். முருங்கைக்காய் என்று வரும் என்று கேட்டபோது, "நம்பர் தாறதெண்டா தாங்கோ தம்பி, மரக்கறி வாற நாளுக்கு மட்டும் மெசேஜ் போடுவன், வேற ஒண்டுக்கும் போடமாட்டன்" என்றார். இன்றுவரை அப்படியே நடந்துகொள்கிறார்.

சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளர் கையால் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் வந்தது. எங்கள் பிளெண்டரின் கொள்ளளவு 1.5 லிட்டர் என்று சிற்றேட்டில் இருப்பதைப் படித்து வாங்கியவர், அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார். ஜாடியின் உச்சக் கோடு வரை 1.25 லிட்டர்தான் பிடித்தது. விளிம்பு வரை நிரப்பினால்தான் ஒன்றரை. படம் வரைந்து, கோட்டின் உயரத்தையும் குறித்திருந்தார். பழைய வழக்கப்படி வருத்தம் தெரிவித்து, 20 யூரோ கூப்பனோடு பதில் அனுப்பினேன். பத்து நாளில் கூப்பன் திரும்பி வந்தது. "எனக்குப் பணம் குறையவில்லை, உங்கள் வாசகத்தில் கால் லிட்டர் கூடியிருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

அடுத்த அச்சில், விளிம்பு வரை 1.5 லிட்டர், பயன்படுத்தும் அளவு 1.25 லிட்டர் என்று இரண்டையும் போட்டோம். பழைய சிற்றேடுகளில் மீதமிருந்த இரண்டு பெட்டிகளைத் தாள் கழிவுத் தொட்டியில் சேர்த்துவிட்டு, புதிய பக்கத்தை ஓர் உறையிலிட்டேன். அவர் வீட்டு அஞ்சல் பெட்டியிலும் அந்தத் தாள் ஒட்டியிருக்கக்கூடும் என்று தோன்றியதால், உறையின்மேல் அவர் பெயரைக் கையாலேயே எழுதி அனுப்பினேன்.