மைனஸ் 40 டிகிரியில் காரைக்குடி

செட்டிநாட்டுப் பக்கம் மெக்கானிக் வேலை பார்த்தால் ஒரு தனி ரகக் கார்களைப் பார்க்கலாம். வருஷக்கணக்கில் பழசு, ஆனால் ஓடினது ரொம்பக் கம்மி. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கார் கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஷெட்டில் கிடக்கும், கல்யாணம், படைப்பு என்று ஊருக்கு வந்தால்தான் சாவி போடுவார்கள். போட்டதும் டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறு என்று மஞ்சள் லைட். உடனே போன்: "அண்ணே, ஏதோ சென்சார் போயிருச்சாம், மாத்தி விட்டுருங்க."

சென்சார் போச்சு என்று யார் சொன்னது? காரில் மாட்டிப் பார்க்கிற ஸ்கேனர் காட்டுகிற கோடு (code, கோளாறு எண்), கோளாறு எந்தச் சர்க்யூட்டில் என்று மட்டும்தான் சொல்லும். அந்தச் சர்க்யூட்டில் சென்சார், அதை வயரோடு இணைக்கிற கப்ளர், வயர், எர்த் எல்லாமே இருக்கிறது. ஓடாமல் கிடந்த காரென்றால் எனக்கு முதல் சந்தேகம் எலி மேல்தான்.

போன சித்திரையில் ஒரு பெட்ரோல் கார் வந்தது. கோடு பி0118, கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீரின் சூட்டைப் பார்க்கிறது. லைவ் டேட்டாவைத் திறந்தால் இன்ஜின் சூடு மைனஸ் 40 என்கிறது, வெளியே தரையில் கால் வைக்க முடியவில்லை! ஃபேன் வேறு நிற்காமல் சுற்றுகிறது; சூடு தெரியாவிட்டால் காரின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கு ஃபேனை ஓட்டிவிடும். இந்த சென்சாருக்குள் இருப்பது, சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறைகிற தெர்மிஸ்டர். லைன் எங்காவது அறுந்தால் ரெசிஸ்டன்ஸ் எக்கச்சக்கமாகத் தெரியும், கம்ப்யூட்டர் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும்.

கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்னையும் துண்டு வயரால் சேர்த்தேன். லைன் சரியாக இருந்தால் அளவு சட்டென்று 100-க்கு மேல் எகிற வேண்டும். ம்ஹும், அதே மைனஸ் 40. "ஏம்ப்பா, புதுசுதான் வாங்கியாந்தாச்சே, போட்டுவிட வேண்டியதுதானே?" என்றார் காரோடு வந்திருந்த ஆச்சி. வயரைத் தொட்டுக்கொண்டே போனால் பேட்டரி தட்டுக்கு அடியில் எலி டேப்பைக் கடித்துக் குதறி வைத்திருக்கிறது, அறுந்த செம்பு முனைகள் பச்சை பூத்துக் கிடக்கின்றன. சுரண்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு முடித்தேன். புது சென்சார் டேஷ்போர்டு பெட்டிக்குப் போனது, எலக்ட்ரிக்கல் சாமானைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்களே.

நிஜமாகவே சென்சார் சாவதும் உண்டு. இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சார் சூட்டில் நின்று, ஆறினதும் உயிர் பெற்றுவிடும்; பட்டறைக்கு வரும்போது கார் நல்ல பிள்ளையாக ஸ்டார்ட் ஆகும். அந்த சென்சாரைச் சூடாக வைத்தே மீட்டரில் பார்க்கணும்.

எதுவாக இருந்தாலும் வரும் வழியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி லைட்டை அணைத்துவிட்டு வராதீர்கள். பல கார்களில் அதோடு கோடும் அழிந்துவிடும், அப்புறம் நான் எங்கே போய்த் தேடுவது?